ஜெர்மனிக்குப் போகாத உனக்கு

இன்று காலை மருந்துக்கடையில் மகளின் கணுக்காலுக்குச் சுற்ற வெள்ளை பிளாஸ்ரர் ஒன்று வாங்கினேன். காருக்குள் வந்து உறையைப் பிரித்ததும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் நீ கணுக்காலில் சுற்றும் பிளாஸ்ரரின் அந்தப் பசை மணம் வந்தது. நீ போய் ஒரு பனிக்காலம் முடிந்துவிட்டது. உன் செத்தவீட்டில்கூட அழாதவள், கடை வாசலில் காருக்குள் இருந்து அழுதேன். பக்கத்துக் காரில் வந்த மனிசி கண்ணாடியில் தட்டி, ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டாள். கையிலிருந்த பிளாஸ்ரரைத் தூக்கிக் காட்டினேன்.

இந்தப் பனி நாட்டில், ரெக்ஸ்டேல் பள்ளிக்கூடத்தில் நாங்கள் சந்தித்த முதல் கிழமை உனக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணத்தில் வலைப்பந்து விளையாடிவிட்டு வந்தவள் நீ. அதில் பந்தோடு ஓடக்கூடாது, ஓடினால் கள்ள ஆட்டம். அதனால் கூடைப்பந்து கையில் வந்ததும் நட்ட கட்டை மாதிரி அப்படியே நின்றாய். ரீச்சர் "ஓடு, ஓடு" என்று கத்த, என் பக்கம் திரும்பி, "உவ என்ன, அளாப்பி விளையாடச் சொல்லுறாவோ?" என்று கேட்டாய். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. அப்படி நின்றவளைச் சுற்றித்தான் பிறகு எங்கள் கொலிஜ் ரீமே ஓடியது.

தொண்ணூறுகளின் நடுவில், கொலிஜில் எங்கள் மூன்றாம் வருஷம், மாசிப் பனிக்குள் கோச்சின் அறைக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு ஃபாக்ஸ் வந்தது. அங்கே ஒரு பெண்கள் கூடைப்பந்துக் கழகம் சம்பளத்துக்கு விளையாட உன்னைக் கூப்பிட்டது. புரட்டாதியில் போய்ச் சேரவேண்டும். உன் பொறியியல் பட்டத்துக்கு இன்னும் ஒரு வருஷம் கிடந்தது. சம்பளத்துக்கு ஒருமுறை ஆடினால், திரும்பி வந்து கொலிஜ் ரீமில் ஆடவும் விடமாட்டார்கள். படிப்புக் காத்திருக்கும், முழங்கால் காத்திராது என்றார் கோச். உன் அம்மாவோ, "முழங்கால் முறிஞ்சா ஜெர்மன்காரனே சோறு போடுவான்?" என்று கேட்டார். நீ இரண்டு பேருக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, சாப்பாடு இறங்காமல் திரிந்தாய்.

கடைசியில் அம்மாதான் வழி சொன்னார். "பூக் கட்டிப் பாப்பம். அம்மாளாச்சி சொல்லட்டும்." ஸ்காபரோவில் பழைய பண்டசாலை ஒன்றுக்குள் இருந்த அம்மன் கோயிலுக்குப் போனோம். இரண்டு கடதாசிப் பொட்டலம் மடித்து வைத்து நீ ஒன்றை எடுக்கவேண்டும்: வெள்ளைப் பூ வந்தால் படிப்பு, சிவப்பு வந்தால் ஜெர்மனி. வீட்டு ஆட்கள் கட்டினால் மனம் ஒரு பக்கம் சாயும் என்று, "நீ பொதுவான பிள்ளை, நீ கட்டு" என்று வெள்ளையும் சிவப்புமாய் நாலைந்து கார்னேஷன் பூக்களை என் கையில் தந்தார்.

நானா பொதுவான பிள்ளை? உன்னோடு என்றால்தான் என் அப்பா என்னை விளையாட விடுவார். நீ போனால் என் ஆட்டமும் அன்றோடு சரி. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்து மடித்தேன். சிவப்புப் பூக்கள் என் ஜக்கெற் பொக்கெற்றுக்குள் போயின. அம்மன் சந்நிதியிலேயே அதைச் செய்தேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாய். வெள்ளை. அம்மா கும்பிட்டபடி அழுதார். மற்றப் பொட்டலத்தை நான் எடுக்க முதல் நீயே எடுத்து உன் பைக்குள் வைத்தாய். சாமிக்கு வைத்த பூவை எறிய மனமில்லையாக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அடுத்த நாள் கோச்சிடம் போய், வரவில்லை என்று எழுதச் சொன்னாய். அந்தக் கழகம் வேறு யாரையோ எடுத்தது. உனக்குப் பட்டம் கிடைத்தது, மிசிசாகாவில் வேலை கிடைத்தது. ஜெர்மனி என்ற பேச்சு வந்தால் நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவேன்.

போன மார்கழி, ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமும் தொண்டையில் கிடந்ததைச் சொல்லிவிட வெளிக்கிட்டேன்.

"எடி, அண்டைக்குக் கோயிலிலை..."

"ரெண்டும் வெள்ளை," என்றாய். "பஸ்ஸுக்குள்ளையே பிரிச்சுப் பாத்திட்டன்."

"பிறகேன் போகேல்லை?"

"நீ உவ்வளவு பயந்திட்டியே எண்டு யோசிச்சன். ஒரு வருஷந்தானே, பிறகும் கூப்பிடுவாங்கள் எண்டு நினைச்சன். கூப்பிடேல்லை." என் கையிலிருந்த சுளையைப் பார்த்தாய். "கொட்டையை எடுத்துப்போட்டுத் தா."

கொட்டையை எடுத்துவிட்டுத் தந்தேன். மன்னிப்புக் கேட்காமலே அடுத்த சுளையை உரித்தேன். அடுத்த மாதம் நீ போய்விட்டாய்.

அந்தக் கடைசி வருஷத்து ஆட்டங்களை இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். நான் போட்ட கூடைகளில் பாதிக்கு மேல் உன் கையிலிருந்து வந்த பந்து. உனக்கு முன்னால் ஒருவரும் இல்லாமல் வளையம் திறந்து கிடந்த நேரத்திலும், என்னைத் தேடிப் பார்த்து எனக்குத்தான் தந்தாய். எல்லாம் தெரிந்துகொண்டுதான் தந்திருக்கிறாய்.