அப்பா திருப்பி விட்ட நண்டு

முடசலோடை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு அம்மா லோகநாயகி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். உன் சுகமும் மாப்பிள்ளை சுகமும் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் சுகமும் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உன் அப்பா வலையைச் சிக்கெடுக்கிற சாக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். பேச மாட்டாராம், காது மட்டும் இங்கே. அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிச் சொல்வது?

போன வருஷம் ஊர்க்கூட்டத்தில் நீ உன் மீன்வள ஆபீஸ்காரர்களோடு நின்று, முட்டை சுமக்கும் சினை நண்டைக் கடலிலேயே விட்டுவிடுங்கள் என்றாய். "எனக்கே கடல் சொல்லித்தர வந்துட்டியா? இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்காத" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினார். நீயும் தூத்துக்குடிக்குப் போனவள்தான், திரும்பி வரவில்லை. அப்பனுக்குத் தப்பாத மகள்.

போன மாதம் ஒரு நாள் கூடையில் பாதிதான் நண்டு. பக்கத்துப் படகு இளவரசு சிரித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணி, அண்ணன் சினை நண்டையெல்லாம் எடுத்து எடுத்துக் கடல்ல உடுறாரு." எனக்கு வந்த ஆத்திரம்! வலையில் விழுந்த சோற்றையா வீசுவது, நாம் விட்டதை நாளைக்கு அடுத்தவன் பிடிக்கமாட்டானா என்று சண்டை போட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அதுவும் புள்ளத்தாச்சிதானடி. கை வரல" என்றார். நீ முழுகாமல் இருப்பதை அவரிடம் நான் சொல்லி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தப் பாதிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

பொய் சொல்ல மாட்டேன், கஷ்டம்தான். சிதம்பரம் மார்க்கெட்டுக்குக் கூடை குறைந்துதான் போகிறது. விடச் சொல்கிறீர்கள், சரி. விட்டவன் வீட்டு உலைக்கும் ஒரு வழி சொல்லுங்கள் என்று உன் ஆபீசில் கேள். அம்மா கேட்டாள் என்றே சொல்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அப்பா கூப்பிடவில்லை என்று பார்க்காதே. உள்ளறையில் புது ஃபேன் மாட்டியிருக்கிறார். யாருக்கு என்றால், எனக்கு வேர்க்கிறதாம்! இத்தனை வருஷம் வேர்க்காத எனக்கு.

வந்துவிடு கண்ணு. பழசை எடுக்காதே. "அப்பா, நண்டுக்குழம்பு வேணும்" என்று மட்டும் கேள். ஆண் நண்டாகத் தேடிக் கொண்டுவருவார்.

இரண்டு உயிரையும் மாரியம்மன் காக்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா