உங்களுக்காக ஒரு நல்ல வார்த்தை

நம் மூத்தவளின் வாப்பாவுக்கு,

சலாம். இந்தக் கடிதம் எந்த நாட்டுக்குப் போகிறது என்று மருமகனிடம் நான் கேட்கவில்லை.

உங்களை ஆஜராகச் சொல்லி கோர்ட்டிலிருந்து பேப்பரில் உங்கள் படத்தோடு விளம்பரம் போட்டிருக்கிறார்கள். டீக்கடை காலு மியா அதை வெட்டிச் சுவரில் ஒட்டிவிட்டான். "எலெக்‌ஷன்ல நின்னப்பகூட சாச்சாவுக்கு இவ்ளோ பெரிய போட்டோ வரல!" என்கிறான்.

நீங்கள் ஓடிப்போனதால் அரசாங்கமே உங்களுக்கு ஒரு வக்கீல் வைத்திருக்கிறது. எழுபத்தொன்றில் நீங்கள் பாகிஸ்தான் பட்டாளத்தைக் கூட்டிவந்து இந்துக்கள் தெருவான குயவர் பாடாவை எரிக்கவில்லை, நல்ல மனிதர் என்று சொல்ல அவருக்கு ஓர் ஆள் வேண்டுமாம். ஊரே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தது, நல்ல வார்த்தைதான் கிடைக்கவில்லை. இமாம் மட்டும் ரொம்ப யோசித்து, "தும்மும்போது வாயைப் பொத்திக்குவாரு" என்றாராம். வக்கீல் அதையும் எழுதிக்கொண்டார், பாவம்.

கடைசியில் என்னிடம் வந்தார்.

"சாச்சி, உங்களுக்குப் பிரியமா ஏதாவது வாங்கித் தந்திருப்பாரே?"

"தந்தாரு தம்பி. நிக்காஹ்வுக்கு ஒரு ஜோடி வளையல்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதைக் கோர்ட்டுல வந்து காட்டுங்க சாச்சி!"

சரி என்றுவிட்டேன். என்ன வளையல் என்று அவர் கேட்கவில்லை.

தங்கம் கட்டிய அந்தச் சங்கு வளையல்கள்தான். நம் ஊர் இந்துப் பெண்கள் புருஷன் இருக்கும்வரை கழற்றாத வளையலை, குயவர் பாடா எரிந்த அடுத்த மாதம் நடந்த நம் நிக்காஹ்வுக்கு, டாக்காவில் வாங்கியதாகச் சொல்லி எனக்குக் கொடுத்தீர்கள். நான் ஒருநாளும் போடவில்லை. ஏன் என்று நீங்களும் கேட்கவில்லை.

குயவர் பாடாவில் செத்துப்போன சுரபாலாவின், உயிர்மிஞ்சிய மகளும் அன்று கோர்ட்டுக்கு வருகிறாள். அவளுக்கு அவளுடைய அம்மாவின் கை நன்றாக ஞாபகமிருக்கிறதாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மூத்தவளின் உம்மா