கடைசி வரி

பெட்டியைத் திறந்ததும் வார்னிஷ் வாசனை முகத்தில் அடித்தது. உன் விரல்களில் எப்போதும் இருந்த வாசனை. மல்லேஸ்வரம் வீட்டில் உன் மனைவி அதை என் மடியில் வைத்து, "நீங்களே எடுத்துக்கோங்கண்ணா. இங்க யாருக்கு இத ஆடத் தெரியும்?" என்றார். உள்ளே உன் யானைப்படை. கட்டைவிரல் உயரத்தில் பன்னிரண்டு ஈய யானைகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் நீ ஒற்றை இழைத் தூரிகையால் வைத்த பொட்டு. அழுதுவிட்டேன். அடியில் கிடந்த தாளைப் பார்க்கும்வரை அழுதுகொண்டுதான் இருந்தேன்.

பழைய காலப் போர்களைப் பொம்மைப் படைகளை வைத்து மேசையில் ஆடுவது நம் இருவரின் பைத்தியம். ஞாயிறுதோறும் பொம்மனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். "ஓசூர் ரோட்டு டிராஃபிக்லயே பாதி படை காலியா மச்சா?" என்று கதவைத் திறப்பாய்.

நம்மைப் போன்ற பைத்தியங்கள் கூடி வருடாவருடம் நடத்தும் போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இறுதிக்கு வந்த இருவரும் படைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். பழக்கமில்லாத படையை ஆடுகிறவனுக்கு அதன் சொந்தக்காரன் விதிகளை ஒரே தாளில் எழுதித் தர வேண்டும். தாளை வாங்கிக்கொண்ட பிறகு விதிப்புத்தகத்தைப் புரட்டுவது மரியாதை இல்லை. அந்த வருடம் இறுதியில் நீயும் நானும். என் வில்லாளிகள் உனக்கு, உன் யானைகள் எனக்கு. ஜெராக்ஸ் தாள் ஒன்றை நீட்டினாய்.

யானைகளை முன்னால் நிறுத்தி, காலாட்படையை ஒட்டினாற்போல் பின்னால் நிறுத்தினேன். உன் அம்புகள் விழுந்தன. "யானை மிரண்டுச்சு, திரும்பி ஓடும்" என்றாய். விளையாடுகிறாய் என்று நினைத்தேன். நடுவர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். என் யானைகளே என் ஆட்களை மிதித்து முடித்தன.

"தாள்ல இல்லையேடா?"

"அய்யோ, எழுதறப்ப விட்டுப்போச்சு மச்சா."

முதலிலிருந்து ஆடலாம் என்றார் நடுவர். மறுத்தவன் நான்தான். ஹால் முழுக்கக் கேட்கும்படி, "அவன் வேணும்னு செய்யற ஆள் இல்ல சார். மறந்துட்டான், அவ்ளோதான்" என்றேன். நீ பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றாய். கோப்பை உனக்குப் போனது. பிறகு எத்தனை வருடம் அந்தக் கதையை மசால் தோசைக்கு நடுவே நீயே எடுத்துவிட்டு, "யானைய நம்பினான் பாவம்" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேனே, மடையன்.

பெட்டியின் அடியில் கிடந்தது அந்த ஜெராக்ஸின் மூலத்தாள். உன் கையெழுத்து. கடைசி வரியின் மேல் ஒரு வெள்ளைக் காகிதப் பட்டை, மேல் ஓரத்தில் மட்டும் பசை. நகத்தால் தூக்கிப் பார்த்தேன். 'காயம்பட்ட யானை திரும்பி ஓடும். பின்னால் யாரையும் நிறுத்தாதே.' எழுதிவிட்டு, மறைத்துவிட்டு, ஜெராக்ஸ் எடுத்திருக்கிறாய்.

வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஆட்டத்தையே விட்டுக்கொடுத்திருப்பேன். அது உனக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்த அத்தனை நாளில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கிரிக்கெட்டைப் பற்றித்தான் பேசினாய். உன்மேல் வரும் கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, சொல்.

போன ஞாயிறு, உன் நினைவாக இறுதி ஆட்டத்தில் உன் யானைகளை இறக்கினார்கள். தாள் எழுதும் வேலை எனக்கு வந்தது. கடைசி வரியைக் கொட்டை எழுத்தில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன். அந்தப் படையை ஆட வந்த பெண் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது மட்டும் ஏன் சார் இவ்ளோ பெருசா?" என்று கேட்டாள்.

பட்டை ஒட்டிய தாள் என் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். சுற்றிலும் நம் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"இதோட ஓனர் ஒரு தடவை எழுத மறந்துட்டான்மா" என்றேன்.