தலை வழி

ஷார்ஜா
19.10.2025, ஞாயிறு

அன்புள்ள கௌஸ் மச்சானுக்கு, கார்மேகம் தன் கையாலேயே எழுதிக்கொண்டது.

நம்ப முடிகிறதா? அறையில் உடன் இருக்கும் பாலமுரளி எட்டு மாதமாகச் சொல்லிக் கொடுத்தான். இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆனது. முப்பது வருஷத்துக்கு முன் இதே ஊரில் நான் சொல்லச் சொல்ல, நீங்கள் என் சரோஜாவுக்கு எழுதுவீர்கள். உங்கள் பேனா ஓடும். என் பேனா நடக்கிறது. அறுபத்து மூன்று வயதில் நடந்தால் போதாதா?

உங்களுக்குக் காது போனபின் போனில் பேச முடியாமல் தவித்தேன். இனிமேல் அந்தக் குறை இல்லை. மஸ்கட் பஸ் ஓட்டும் சுஐபு, போகிற வலியில் ரூவியில் உங்கள் கடையில் கொடுப்பதாகச் சொன்னார்.

உங்கள் மகன் ஆரிப் சுகமாக இருக்கிறான். அவன் படிக்கிற பல்கலைக்கழகத்தில் எனக்கு வேலை கிடைத்தது நம் இருவர் அதிர்ஷ்டம். ஹாஸ்டலுக்குப் போகிற வலியில் என் விளையாட்டுச் சாமான் ஸ்டோருக்கு வந்து, "மாமா, சாப்ட்டீங்களா?" என்று கேட்காமல் போக மாட்டான். அவன் ஆடுவது அமெரிக்கன் புட்பால். பெயர்தான் புட்பால், காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், எதிரே வருகிறவன் ஆட்டுக்கிடா மாதிரி முட்டுகிறான். புல்லில் வெள்ளைக் கோடு போடுவதும், பத்து, இருபது, முப்பது என்று நம்பர் எழுதுவதும், ஹெல்மெட்டுகளைத் துடைத்துப் பூட்டி வைப்பதும் என் டூட்டி. யோசித்தால் நான் முதலில் எழுதியது காகிதத்தில் இல்லை, புல்லில்.

பெரிய கோச்சுக்கு இது கடைசி சீசன். அமெரிக்காவில் அவருடைய அம்மாவுக்கு முடியவில்லை, திரும்பிப் போகிறார். தங்கமான மனுஷர். ஜெயித்துக் கொடுத்து அவரை அனுப்ப வேண்டும் என்று பையன்கள் சத்தியம் செய்திருக்கிறார்கள். மூன்று மேட்சில் இரண்டு ஜெயித்தாயிற்று.

பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள்.

உங்கள்
கார்மேகம் (கைநாட்டு இல்லை, கையெழுத்து)


ரூவி
25.10.2025

அன்பு மச்சான் கார்மேகத்துக்கு, கௌஸ் முகைதீன் கண் கலங்கி எழுதுவது.

உன் கடிதத்தைக் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் காட்டினேன். என் வீட்டுக்காரி உம்மு ஹானி அதை அலமாரியில் வைத்திருக்கிறாள். நீ கேட்டபடி, வேறு தாளில் எழுதி, சிவப்பு மையில் திருத்தி இத்துடன் அனுப்புகிறேன். அதிகம் இல்லை, ஒரே பிழைதான் இரண்டு இடத்தில். நீ "போகிற வலி" என்று எழுதியிருக்கிறாய். பஸ் வலியில் போகாது மச்சான், வழியில் போகும். நம் முதுகுளத்தூர்ப் பக்கத்து நாக்குக்கு ழ வராது, தெரியும். ஆனால் எழுத்தில் விடக் கூடாது. நாக்கை மடி. இனிமேல் "வலி" என்று கை எழுத வந்தால் நிறுத்தி "வழி" என்று எழுது.

நான்கு பெண்களுக்குப் பின் பிறந்தவன் ஆரிப். எனக்கு அந்த ஆட்டம் புரியவில்லை, நீ அங்கே இருப்பதால்தான் தூங்குகிறேன். அவனைப் பார்த்துக்கொள்.

கௌஸ்


ஷார்ஜா
15.11.2025, சனி

அன்புள்ள மச்சானுக்கு, கார்மேகம்.

சிவப்பு மைத் தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இப்போது எனக்கு ழ நன்றாக வருகிறது.

நேற்று மேட்ச் ஜெயித்தோம். இன்னும் ஒன்றுதான் பாக்கி, 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை. கோச்சுக்கு அதுதான் கடைசி. கேப்டன் ஸ்ரீகாந்த்துக்குக் கால் பிசகிவிட்டது, அடுத்த மேட்சுக்கு யார் தலை என்று கோச் இன்னும் சொல்லவில்லை.

மச்சான், எழுத வேண்டியது வேறு. எழுத்துக் கோணினால் மன்னியுங்கள். தெரிந்த எழுத்து கொஞ்சம், சொல்ல வேண்டியது பெரிது. நேற்று மேட்ச் முடிந்து ஆரிப் ஸ்டோருக்கு வந்தான். அவனுக்குத் தலை வழி இருக்கிறது. சின்ன வழி இல்லை, பெரிய வழி. யாருக்கும் தெரியாது, கோச்சுக்குச் சொல்லவில்லை. "உம்மாவுக்கு போன் பண்ணாதீங்க மாமா" என்று தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினான். போனில் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். கடிதத்தில் சொல்ல மாட்டேன் என்று செய்யவில்லை.

ராத்திரி முழுக்கப் பயந்துகொண்டே கிடந்தேன். வயதில் சின்னவன். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கேட்பான். சீக்கிரம் எழுதுங்கள்.

கார்மேகம்


ரூவி
20.11.2025

அன்பு மச்சானுக்கு, கௌஸ்.

அல்ஹம்துலில்லாஹ்! கடையில் எல்லாருக்கும் அல்வா கொடுத்தாயிற்று. என் மகனுக்குத் தலையாக வழி இருக்கிறது என்ற சேதியை, ழ பிசகாமல் நீ எழுதிய அழகை என்ன சொல்ல! பெரிய வழி என்று வேறு எழுதியிருக்கிறாய். வெட்கத்தில் உம்மாவுக்குச் சொல்லாதீர்கள் என்றிருக்கிறான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நீ எதற்குப் பயப்படுகிறாய்? பொறுப்பு வந்தால்தான் பையன் மனுஷன் ஆவான்.

நீ சொன்னபடி அவனுக்கும் ஒரு வார்த்தை எழுதி, சுஐபிடம் தனிக் கவரில் கொடுத்திருக்கிறேன். அவனுக்குத் தமிழ் படிக்க வராது. நீதான் படித்துச் சொல்ல வேண்டும். உன்னை விட்டால் யார்?

கௌஸ்


ஷார்ஜா
27.11.2025, வியாழன்

மச்சான்,

சுஐபு காய்ச்சலில் படுத்துவிட்டார். இரண்டு கவரும் இன்று மதியம்தான் வந்தன. உங்கள் கடிதத்தைப் பாலமுரளியிடம் காட்டினேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். வலி. வலி. வலி. அவன் சொல்லச் சொல்லப் பத்துத் தடவை எழுதினேன். ஆரிப்புக்குத் தலைவலி மச்சான்.

அன்றைக்கு ஒருவன் ஓடி வந்து முட்டியதில் ஆரிப் மல்லாந்து விழுந்தான். எழுந்து ஆடினான். முடிந்ததும் ஸ்டோருக்கு வந்து வாந்தி எடுத்தான். பிறகு என்னைப் பார்த்து, "மாமா, மேட்ச் எப்போ?" என்றான். மேட்ச் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவன் ஹெல்மெட்டில் எதிர் டீமின் சிவப்பு பெயிண்ட் ஒரு விரல் நீளம் ஒட்டியிருந்தது. துடைத்தேன், போகவில்லை. அன்றிலிருந்து வெயிலைப் பார்த்தால் கண்ணை மூடுகிறான். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வருகிறான். கோச் வந்தால் மட்டும் நிமிர்ந்து நிற்கிறான்.

பாலமுரளியிடம் காட்டுவதற்கு முன்பே ஆரிப் உங்கள் கவரைப் பிரித்து, "படிங்க மாமா" என்று என் முன் உட்கார்ந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவருக்குப் படித்தேன். "கடைசி நிமிஷம் வரை களத்தில் நில் மகனே, உன்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நிற்பார்கள்." எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு மாற்றிப் படிக்க வராது. படித்து முடித்தபின்தான் என்ன படித்தேன் என்று தெரிந்தது. அவன் கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வாப்பாவே சொல்லிட்டாங்க. ஓகே" என்று போய்விட்டான்.

உங்கள் வீட்டுக்குப் போன் போட்டால் அவனிடம்தான் கேட்பீர்கள், ஒன்றுமில்லை என்பான். இந்தக் கடிதமும் நாளைக்குள் வராது. விடிந்தால் மேட்ச்.

5.12.2025, வெள்ளி

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். நடந்ததை என் வாயால் சொல்ல நீங்கள் இடம் கொடுக்கவில்லை.

மேட்ச் அன்று அவன் ஹெல்மெட்டைத் துணி துவைக்கிற மெஷினுக்குள் போட்டு, ஸ்டோரை உள்ளிருந்து பூட்டிக்கொண்டேன். ஹெல்மெட் இல்லாமல் களத்தில் விட மாட்டார்கள். ஆரிப் கதவை உதைத்தான். "மாமா, கோச்சோட லாஸ்ட் மேட்ச்! பாவம் மாமா! தொறங்க!" திறக்கவில்லை. பிறகு கோச்சின் குரல் கேட்டது. அவருக்குத் திறந்தேன். அவ்வளவு கோபத்தில் அவரைப் பார்த்ததில்லை. எனக்கு இங்கிலீஷ் ஏது? என் தலையைத் தொட்டுக் காட்டி, "பாய் ஹெட் மாஃபி. வாமிட். ஹெட் கலாஸ்" என்றேன், தலை சரியில்லை, தலை போச்சு என்று தெரிந்த அரபியைக் கலந்து. மனுஷர் ஆரிப்பைத் திருப்பி, கண்ணுக்கு நேராக விரலை நீட்டினார். விரல் வலது பக்கம் போனது, பையன் கண் போகவில்லை.

மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கிறதாம். இன்னொரு முட்டு பட்டிருந்தால், என்று டாக்டர் சொல்லி நிறுத்தினார். மீதியை யாரும் எனக்குத் தமிழில் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மேட்ச் தோற்றுப்போனது. கோச் நேற்று ஊருக்குப் போகும் முன் ஸ்டோருக்கு வந்தார். ஏதோ சொன்னார், கூட வந்த ஸ்ரீகாந்த் தமிழில் சொன்னான்: "நான்தான் கவனிச்சிருக்கணும்னு சொல்றார்." பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஜனவரியில் வருகிற கோச் என்னை வைத்துக்கொள்வாரோ, தெரியாது.

அது கிடக்கட்டும். நீங்கள் வந்தீர்கள். ஆறு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்றேன். தலையைக் குனிந்துகொண்டு என்னைக் கடந்து போனீர்கள். நேற்று ஒரு வார்த்தை இல்லாமல் பையனை மஸ்கட்டுக்குக் கூட்டிப் போய்விட்டீர்கள். ஒரு எழுத்தில் உங்கள் மகனைக் கொல்லப் பார்த்தேன். எழுதாமலே இருந்திருக்கலாம். இனி எழுத மாட்டேன்.

கார்மேகம்


ரூவி
14.12.2025

என் மச்சான் கார்மேகத்துக்கு,

வராந்தாவில் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஏன் என்று கேள்.

உன் கடிதம் வந்த அன்றே உம்மு ஹானி ஒரு சீட்டில் எழுதிக் காட்டினாள்: "ஏங்க, இது தலைவலியா இருக்குமோ? கார்மேகண்ணன் வாயில ழ வராதே." நான் அவளிடம், "எழுத்துல வருதுடி, நான்ல சொல்லிக் குடுத்தேன்" என்று சத்தம் போட்டேன். பிறகு தனியாக உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். ராத்திரி முழுக்கப் பயந்தேன் என்று எழுதியிருந்தாய். மகன் தலைவனானால் அப்படிப் பயப்படுகிற ஆளா நீ? எனக்கு ஒரு நொடி சந்தேகம் வந்தது. அல்வா தட்டு வெளியே காத்திருந்தது. மடித்து வைத்துவிட்டேன்.

வலி என்று நீ எழுதியதை வழி ஆக்கியது என் சிவப்பு மை. காது கேட்டிருந்தால் நீ போனில் சொல்லும்போதே தெரிந்திருக்கும். முப்பது வருஷமாக உன் வாயில் இரண்டும் ஒன்றுதான்.

ஆரிப் இருட்டறையில் படுத்திருக்கிறான். குணமாக மூன்று மாதம் ஆகும் என்கிறார்கள். இன்று காலை கஞ்சி கொடுக்கும்போது உதட்டை அசைத்தான். பார்த்துப் படித்தேன். "மேட்ச் எப்போ வாப்பா?" என்கிறான். நாளைக்கு மகனே என்றேன். நேற்றும் அதைத்தான் சொன்னேன். ஆனால் கேட்க அவன் இருக்கிறான்.

உன் கடைசிக் கடிதத்தைத் திருத்தவில்லை. இனி எதையும் திருத்த மாட்டேன். நீ எழுது மச்சான். பேசுகிற மாதிரியே, நாக்கை மடிக்காமல் எழுது. எனக்கு உன் குரல் கேட்க வேண்டும்.

கௌஸ்