மத்தேராவிலிருந்து வந்த ரொட்டி

பிளாரன்ஸ்
ஞாயிறு காலை

அன்புள்ள அசுந்தாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? குளிரில் துணி துவைக்காதே.

உன் தங்கை தொனாத்தா நேப்பிள்ஸில் மகனைப் பார்த்துவிட்டு மத்தேராவுக்கு வருவதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும். போன வாரம் நீ வராமல் அவளை இங்கே அனுப்பியதில் எனக்கு வருத்தம்தான். நான் காவல் நிற்கும் ஓவியக் கூடத்துக்கு அவளை அழைத்துப் போனேன். மாதா படத்தைப் பார்த்து, "அக்கா சின்ன வயசுல இப்படித்தான் இருந்தா" என்றாள். அதனால்தான் அந்த அறையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அவள் கேட்ட தோல் கையுறைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். நீ சுட்டனுப்பிய ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள். வாயில் வைத்ததும், "உப்பு கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் சிரித்தாள். "உப்பில்லாத ரொட்டியத் தின்னு தின்னு இந்த ஊர்க்காரராவே ஆயிட்டீங்க அத்தான். அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லேன், எனக்கென்ன பயமா?" என்றேன்.

அவள் சொல்லாமல் இருக்க மாட்டாள். நீயும் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த முறை உப்பைக் குறைத்துவிடுவாய். அதை மட்டும் செய்யாதே. இந்த ஊர் ரொட்டியை முதலில் துப்பியவன் நான். அது எப்போது பழகியது என்று எனக்கே தெரியவில்லை.

மிச்ச ரொட்டியைத் தினமும் கொஞ்சமாகத் தின்றேன். இன்று கடைசித் துண்டில் உப்பு சரியாக இருந்தது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் இன்னொன்று கொடுத்தனுப்பு.

கூடம் திறக்கும் நேரமாகிவிட்டது.

உன்,
வீத்தோ