முதல் மடக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சிரிக்காதே. அகராதியின் புதிய பதிப்புக்காக 'குத்' என்ற சொல்லை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். கடவுளைக் குறிக்கும் நம் ஸ்வீடிஷ் சொல் பிறந்த கதையை, சர்ச் பக்கமே போகாத நான் எழுத வேண்டுமாம்.

பாதிரியாரான உனக்கு ஒன்று சொல்கிறேன். அந்தச் சொல் உன் திருச்சபையைவிட வயதில் மூத்தது. எதைக் கூப்பிடுகிறோமோ அதுதான் 'குத்' என்கிறது அறிஞர்களில் ஒரு கட்சி. எதற்கு ஊற்றிப் படைக்கிறோமோ அது என்கிறது இன்னொரு கட்சி.

இரண்டாவதை எழுதும்போது கை நின்றுவிட்டது. கானாங்கெளுத்தி வலையை இறக்குமுன், அப்பா பிளாஸ்கைத் திறந்து முதல் காபியைக் கடலில் ஊற்றுவாரே! "எதுக்குப்பா?" என்று நீ கேட்டாய்.

"முதல் மடக்கு அதுக்குடா. மிச்சம்தான் நமக்கு."

எது என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை.

நாலு வருஷத்துக்கு முன், அவருடைய சவப்பெட்டி அருகே நீ ஜெபம் சொன்னபோது, "இந்த மனுஷனுக்கு ஏதுடா கடவுள்?" என்று ஊரே கேட்கக் கத்தினேன். "வெளிய போக்கா" என்றாய். போனேன். இன்னும் வெளியேதான் நிற்கிறேன்.

மே முதல் சனிக்கிழமை அப்பாவின் படகைத் தண்ணீரில் இறக்குகிறேன். உனக்குப் பிடித்த ஏலக்காய் பன் இருக்கும். முதல் மடக்கை நான்தான் ஊற்றுவேன், அதில் பேச்சே இல்லை. ஜெபம் வேண்டுமானால் நீ சொல்லிக்கொள். இந்தத் தடவை நான் வாயைத் திறக்க மாட்டேன்.

கூப்பிட்டுவிட்டேன். வருவது உன் பாடு.

உன் அக்கா