எந்த தேசம், யார் பெற்ற பிள்ளை?

தேங்காய் எண்ணெயில் அரிதாரம் குழைக்கிற வாசம் இந்த அங்கன்வாடி அறை முழுக்க நிற்கிறது. வேஷம் கட்ட இன்னும் நேரம் இருப்பதால் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் இந்நேரம் என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "இன்னாடா, கல்யாணப் பொண்ணு மாதிரி நடுங்கிக்கினு கீற" என்று கேட்டிருப்பாய். நீ கட்டியக்காரனாக வந்து கேள்வி கேட்காமல் நான் ஆடப்போகிற முதல் கூத்து இது.

நம் கூத்தில் யார் வேஷம் வந்தாலும் முதலில் திரைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். எந்த தேசம், யார் பெற்ற பிள்ளை, பேர் என்ன என்று கட்டியக்காரன் கேட்பான். பாடிப் பதில் சொன்ன பிறகுதான் திரை விலகும். மகாராஜாவானாலும் ராட்சசனானாலும் இதிலிருந்து தப்ப முடியாது. நீயோ போதாக்குறைக்கு, காலையில் நாஷ்டா சாப்பிட்டாயா என்று வரைக்கும் கேட்டு என்னைத் திணற வைப்பாய்.

உன் மகள் கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கப்பலேற்றி அமெரிக்காவில் விற்ற ஜனங்களின் கதையைச் சொன்னாள். நீ பாதிச் சோற்றில் கை கழுவினாய். "இத கூத்தா கட்டணும்டா" என்றாய். அமெரிக்காவுக்கும் நமக்கும் இன்னா சம்பந்தம் என்று எரிந்து விழுந்தேன். "ஏன், இத்தினி நாளு ஆடின ராஜா கதையெல்லாம் நம்ம மானாம்பதியிலயா நடந்துச்சி?" என்று என் வாயை அடைத்துவிட்டாய்.

அப்படிக் கட்டியதுதான். முதலில் நான் ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றங்கரை ஊர்க்காரன். கிரீடம், புஜக்கட்டை எல்லாம் போட்டுக்கொண்டு ஊர், அப்பா, அம்மா, மாட்டின் நிறம் வரைக்கும் பாடுவேன். அடுத்தது கப்பல். என் மேலிருக்கிற கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நீ தரையில் வைப்பாய், முகவீணைக் குழல் மட்டும் ஒலிக்கும். இரண்டாவது வருகையில் நான் அவனுடைய பேரன், பருத்திக் காட்டில் பிறந்தவன். நீ அதே கேள்விகளைக் கேட்பாய். இப்போது எல்லாவற்றுக்கும் எஜமான் பேர்தான் பதில். ஊர் அவனுடையது, என் பேர் அவன் வைத்தது, அம்மாவை அவன் விற்றுவிட்டான். அவர்கள் ஒளிந்து கூடிச் சாமி கும்பிடுகிற இடத்தில், சத்தம் வெளியே போகாமல் பிடித்துக்கொள்ளும் என்று பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பார்களாம். அதற்காக நீ வீட்டிலிருந்து சோறு வடிக்கிற குண்டானைத் தூக்கிவந்து வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்கு மறக்காது.

திருமுக்கூடலில் ஆடினோமே, நினைவிருக்கிறதா? விடுதலை என்று அறிவித்த பிறகும், தூரத்து மாநிலம் ஒன்றில் எஜமானர்கள் சேதியைச் சொல்லாமல் இரண்டு வருஷத்துக்கும் மேல் வேலை வாங்கினார்கள். சேதி கொண்டுவருகிற ஆள் நீ. களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாய், டீ குடிக்க நின்றாய், பீடிக்கு நெருப்புக் கேட்டாய். முதலில் சிரித்த ஜனம் போகப்போகக் கத்த ஆரம்பித்தது. "யோவ், சீக்கிரம் போய் சொல்லுய்யா! அவங்க இன்னும் வேல செஞ்சிக்கினு கீறாங்க!" என்று ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். சேதி சொன்னதும் கூத்தை முடித்துக்கொண்டோம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை என்றாள் உன் மகள். விடுதலையானவர்கள் விற்கப்பட்ட அம்மாவை, பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராக நடந்தார்களாம். பத்திரிகையில் விளம்பரம் போட்டார்களாம், அதைத் தேவாலயங்களில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படிப்பார்களாம். அப்படியானால் மூன்றாவது வருகை ஒன்று வேண்டும் என்றாய் நீ. விடுதலையான ஆள் திரைக்குப் பின்னால் நிற்கிறான். எந்த தேசம், யார் பெற்ற பிள்ளை என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

அங்கேதான் நமக்குச் சண்டை. கூத்தாடிப் புத்தி எனக்கு, ஆப்பிரிக்காவில் ஒரு பூட்டன் ராஜாவை வைத்துப் பாட்டுக் கட்டலாம் என்றேன். "பொய்யா ஒரு ராஜாவ குடுத்துட்டா, பறிச்சது இல்லன்னு ஆயிடுமா? பதில் சொல்லாம நில்லு" என்றாய். வசனம் மறந்துவிட்டது என்றுதான் ஜனம் நினைக்கும் என்று கத்தினேன். நெனைக்கட்டும் என்று சிரித்தாய். அடுத்த வாரம் நெஞ்சுவலி என்று உன்னைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பி வரவில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

இன்றைய கூத்து சாலவாக்கம் தாண்டி, ஏரிக்கரையில் இருக்கிற இருளர் குடியிருப்பில். அவர்களே கூப்பிட்டார்கள். இங்கே பாதிப் பேர் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமையாகக் கிடந்து, அதிகாரிகள் வந்து மீட்ட குடும்பங்கள். அவர்கள் பட்டதை அவர்களுக்கே ஆடிக்காட்ட நான் யார்? உன் இடத்தில் கட்டியக்காரனாக நிற்கப்போவது உன் மகள்.

நேற்றுச் சாயங்காலம் இங்கே ஒத்திகை பார்த்தோம். மூன்றாவது வருகைக்கு அவள் கேள்வி கேட்டாள். நீ சொன்னபடியே பேசாமல் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், என்னால் முடியவில்லை. "தெரியாது. எங்கம்மாவத் தேடிக்கினு வரேன். யாராச்சும் பாத்தீங்களா?" என்று உளறிவிட்டேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த கன்னியம்மா என்கிற அம்மா உடனே கேட்டார். "எந்த ஊர்ல வுட்ட நைனா?"

தெரியாது என்றேன்.

"பேரு? அங்க அடையாளம்? ஒண்ணும் சொல்லாம நின்னா யாரு தேடுவாங்க? எங்கள மீட்டாங்களே, அதுக்கு முந்தின வாரந்தான் எங்க அக்காவ மட்டும் வேற வண்டில ஏத்திக்கினு போனாங்க. நான் போற எடத்துலல்லாம் அடையாளம் சொல்லிக்கினேதான் கீறேன்."

நீ சொன்னதும் சரியில்லை, நான் சொன்னதும் சரியில்லை. தேடுகிறவன் தனக்குத் தெரிந்த கொஞ்சத்தையாவது உரக்கச் சொல்லித்தான் ஆக வேண்டும். இவ்வளவு சண்டை போட்ட நமக்கு அது தோன்றவே இல்லை பார்.

பெட்டிகளைக் கட்டும்போது கன்னியம்மா கிட்டே வந்தார். "நாளைக்கு உங்கம்மாவத் தேடும்போது எங்க அக்கா பேரையும் சேத்துச் சொல்றியா? சுத்துப்பட்டு சனமெல்லாம் வரும்ல?" என்றார். சொல்கிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. அதிலிருந்து ஒரே பேஜார். யாருமே வாய் திறக்காவிட்டால் அந்த அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? வண்டியில் ஏற்றிப்போனவனின் ஆட்களே கூட்டத்தில் நின்றிருந்தால்? உன் மகளிடம் புலம்பினேன். "அந்த அம்மாவுக்கு இல்லாத பயம் உங்களுக்கு எதுக்கு மாமா?" என்றாள். அப்படியே உன் வாய்.

எனக்கு வசனம் மறந்தால் நீ கேள்வியிலேயே அடியெடுத்துக் கொடுப்பாய். இந்த ஒரு வசனம் உனக்குத் தெரியாது. நீயும் ஒருமுறை கேட்டுக்கொள். மத்தியானத்திலிருந்து இதைத்தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

பேரு செல்லம்மா. எடது புருவத்துல வெட்டுத் தழும்பு. சிரிச்சா கையால வாய மூடிக்கும். தங்கச்சி கன்னியம்மா இந்த ஏரிக்கரையிலதான் கீறா. யாராச்சும் பாத்தீங்களா?